கடைசிப் பாட்டின் கிட்டார்

மாமாவின் இடது கையால் அடி வாங்கியவர்களுக்கு ஒன்று தெரியும். அந்தக் கை மடங்காது. நடுவிலுள்ள மூன்று விரல்களும் நீட்டியபடியே நின்றுபோனவை. மற்றவர்கள் அறைந்தால் கை கன்னத்தில் பட்டுச் சரிந்துவிடும். மாமாவின் அறை பலகையால் அடித்ததுபோல ஒரே தட்டாக விழும். வலிக்கு முன்னால் சத்தம் வரும். நான், அண்ணன், எங்கள் கேட்டில் பந்தடித்த பக்கத்து வீட்டுப் பையன், ஒருமுறை வாசலில் உரக்கப் பேசிய எரிவாயு உருளை கொண்டுவருபவர் என்று, அந்தக் கையிடம் வாங்கியவர்களைச் சிறுவயதிலேயே மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அம்மா அந்த வரிசையில் இல்லை. மாமா அம்மாவின் தம்பி. அக்கா மீது அவர் கை ஓங்கியதே இல்லை.

வலது கையால் அவர் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. நல்ல கை சும்மா தொங்கிக்கொண்டிருக்க, கெட்ட கைதான் எழும்பும்.

அப்பா இறந்த பிறகு மாமா கிள்ளானில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பக்கத்திலுள்ள காப்பாரில் ஒரு கிடங்கில் காவல் வேலை. மோட்டார் சைக்கிளில் போவார், வருவார். கை எப்படி இப்படி ஆனது என்று கேட்டால் வீட்டில் ஒரே பதில்தான்: துறைமுகத்தில் லோரியின் பின்கதவு விழுந்து நசுங்கியது. அதற்கு முன்னால் அவர் கிட்டார் வாசித்தவர். கிள்ளானில் மூன்று பேர் சேர்ந்து நடத்திய ராக் குழு ஒன்று. பாடகர்தான் பேஸ் கிட்டாரும் வாசித்தார். மாமா கிட்டார். டிரம்ஸ் வாசித்தவர் இப்போது உயிரோடு இல்லை. பாட்டுகள் தமிழில்தான் இருந்தன என்றாலும் சொற்கள் காதில் விழாது. கிட்டார் அரைபட்டு, கிழிந்து, சுழன்று சுழன்று தலையைக் கிறங்கடிக்கும். "மிக்ஸில ஆணியப் போட்ட மாதிரி இருக்கு" என்பது அம்மாவின் விமர்சனம்.

நான் பிறப்பதற்கு முன்பே அவர்களுடைய முதல் ஆல்பம் கேசட்டாக வந்தது. மாமாவின் கை போன பிறகு பாடகர் வேறு ஆட்களை வைத்து இன்னும் சில ஆல்பங்கள் போட்டார். அவற்றை யாரும் பேசுவதில்லை. பேசுவதெல்லாம் முதல் ஆல்பத்தைத்தான், அதிலும் அதன் கடைசிப் பாட்டை. அதில் ஓரிடத்தில் பேஸ் சட்டென்று நிற்கும், டிரம்ஸும் நிற்கும். அதன் பிறகு கேசட் முடியும்வரை கிட்டார் மட்டும் தனியாக ஓலமிடும். ஹாலில் இருந்த இரட்டை ஸ்பீக்கர் செட்டில் மாமா எப்போதாவது அந்தப் பாட்டை மட்டும் போட்டுக் கேட்பார். அப்போது வீட்டில் யாரும் நடக்கக்கூட மாட்டோம். ஆனால் அந்த நாட்களில் அவர் அடிக்க மாட்டார். ஆகவே அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும்.

ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது ஒருநாள், அவர் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் கேசட்டை எடுத்துக்கொண்டுபோய் சமையலறை ரேடியோவில் போட்டேன். அம்மாவின் ரேடியோ அது. ஒரே ஒரு ஸ்பீக்கர். அவர் வெளியே வரும்போது நல்ல மனநிலையில் வரட்டும் என்பது என் திட்டம். ஆனால் ரேடியோவிலிருந்து இரைச்சல்தான் வந்தது. கிட்டாரையே காணோம். எங்கோ பக்கத்து வீட்டில் ஒலிப்பதுபோல மங்கலாக ஏதோ கேட்டது. அதற்குள் யாரோ ஆண்கள் பேசினார்கள். கேசட் கெட்டுவிட்டது என்று நினைத்து, காதை ஸ்பீக்கரில் வைத்தேன்.

மாமா துண்டோடு வந்தார். ரேடியோவைத் தூக்கிச் சிமென்ட் தரையில் அடித்தார். பிறகு காலால் மிதித்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார். நான் எரிவாயு உருளையில் போய் மோதினேன். உதடு பல்லில் கிழிந்தது. என்ன சத்தம் என்று பார்க்க வந்த அண்ணனுக்கும் விழுந்தது. அம்மா ஓடிவந்து என் வாயைத் துணியால் அழுத்திக்கொண்டு, "ஒரு ரேடியோக்காடா பிள்ளைய இப்படி அடிச்ச?" என்றாள்.

"அந்தக் கேசட்ட இதுல போடக்கூடாது" என்றார் மாமா. மூச்சு வாங்கியது அவருக்கு. "ஹால்ல இருக்குல்ல, அதுல போடட்டும். இதுல கூடாது."

என் உதட்டில் இன்றும் ஒரு சிறிய கோடு இருக்கிறது.

நான் படித்தது மின்னணுவியல், பிறகு ஒலிப்பதிவு. இப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடைகளுக்கு மேல்மாடியில் ஒரு சிறிய ஸ்டூடியோவில் வேலை செய்கிறேன். பழைய பதிவுகளைச் சுத்தம் செய்து, இசைத்தட்டாக அச்சடிக்கும் ஆலைக்கு அனுப்பத் தயார் செய்வது என் பொறுப்பு. இசைத்தட்டு திரும்பி வந்துவிட்டது. கணினிக்குள் பாட்டு இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் என் வயதுக்காரர்கள் தட்டை வாங்கிச் சுவரில் மாட்டுகிறார்கள். சிலர் கேட்கவும் செய்கிறார்கள்.

போன ஆண்டு அம்பாங்கில் இசைத்தட்டுக் கடை வைத்திருக்கும் ஓர் இளைஞர் வந்தார். பாடகரின் வீட்டு அலமாரியில் முதல் ஆல்பத்தின் மூலப் பதிவு நாடா கிடைத்துவிட்டதாம். கேசட்டைத் தாண்டி எங்கும் வராத அந்த ஆல்பத்தை முறையாகத் தட்டாக மறுவெளியீடு செய்யப்போகிறாராம்.

"அக்கா, கிட்டார் வாசிச்சவரு உங்க மாமாதானே?" என்றார்.

"ஆமா."

"அவரு யார்கிட்டயும் பேச மாட்டேங்குறாரு லா. ரெண்டு தடவ காப்பாருக்குப் போனேன். ரெண்டாவது தடவ கேட்ட சாத்திட்டாரு, என் கால் நடுவுல மாட்டிக்கிச்சு."

"அதோட விட்டாரா?"

"ஏன், அதுக்கு மேல வேற இருக்கா?"

"இருக்கு."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து நிறுத்திக்கொண்டார். உறையின் உட்பக்கம் முழுக்க மாமாவின் படம் ஒன்றைப் பெரிதாகப் போடவேண்டும் என்றார். "அந்தக் கடைசிப் பாட்டு இருக்கே அக்கா. டிரம்ஸ் நின்னதும் அவரு தனியா வாசிப்பாரு பாருங்க. இந்த நாட்டுல எவனும் அப்படி வாசிச்சது இல்ல. நான் அத நூறு தடவ கேட்டிருப்பேன்."

மாமாவைப் பற்றி உயர்வாகச் சொல்ல ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இந்தப் பாட்டு.

என் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் முழுவதையும் எதையும் தொடாமல் கேட்பேன். பிறகு இரைச்சல், பிறகு வெடிப்புகள், பிறகு உச்ச ஒலிகள். கடைசியில் இடது, வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மோனோவில் கேட்பேன். தட்டுக்கு இது மிகவும் அவசியம். இரண்டு பக்கமும் ஒரே ஒலி இருந்து, ஒரு பக்கம் தள்ளும்போது மறுபக்கம் இழுத்தால், தட்டின் பள்ளம் ஆழம் குறைந்து மேலெழும், ஊசி குதித்துவிடும். ஆலை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். அப்படிப்பட்ட ஒலி மோனோவில் ஒன்றையொன்று தின்றுவிட்டு மறைந்துவிடும். எது மறைகிறதோ அங்கே கோளாறு இருக்கிறது.

முதல் பாட்டிலேயே, இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று காட்டும் மீட்டரின் முள் எதிர்ப்பக்கம் சாய்ந்து படுத்துவிட்டது. கிட்டார் முழுக்கத் தலைகீழ். காரணம் எனக்கு உடனே புரிந்தது. மாமா தன் கேபிள்களைத் தானே பற்றவைப்பவர். ஒரு மைக்கை இரண்டாகப் பிரித்து இடமும் வலமும் அனுப்பும் கேபிள் ஒன்றைச் செய்திருக்கிறார். அதில் ஒரு முனையில் இரண்டு கம்பிகள் இடம் மாறிவிட்டன. கிட்டார் சுவர்களுக்கு வெளியிலிருந்து வருவதுபோல அகலமாக ஒலிக்கிறதே என்று ரசிகர்கள் வியந்தது அந்தத் தப்பைத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் போய்ச் சொல்ல ஒரு நல்ல கதை என்று நினைத்தேன்.

கடைசிப் பாட்டில் மோனோ பொத்தானை அழுத்தினேன். கிட்டார் போய்விட்டது. அந்த இரைச்சல் சுவர் இருந்த இடத்தில் ஓர் அறை இருந்தது. அறையில் ஆட்கள் இருந்தார்கள். பாடகரின் மைக் நடுவில் வைத்துப் பதிவானது, அதற்குக் கோளாறு இல்லை. அது கேட்டதையெல்லாம் எனக்குச் சொன்னது.

"போறியா? ஓட்டல்ல கோட்டு மாட்டிக்கிட்டு, கல்யாண டின்னருக்கு வாசிக்கப் போறியா?" பாடகரின் குரல்.

"பாட்டு முடியட்டும்டா. பொறவு பேசலாம்." இது மாமா. இப்போதைய குரலைவிட மெல்லிய குரல். என் அண்ணனின் குரல் போல இருந்தது.

என் வேலையில் ஒரு துண்டை ஒருமுறை கேட்டால் போதாது. திரும்பத் திரும்பக் கேட்டு, எது என்ன சத்தம் என்று குறித்தாக வேண்டும். குறித்தேன். பேஸ் நிற்கிறது. நாற்காலி இழுபடுகிறது. கிட்டாரின் வார் அறுகிறது, அல்லது கழற்றப்படுகிறது. கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் மீது சாய்த்துவைக்கப்பட்டு, தன் ஒலியைத் தானே கேட்டு ஊளையிடத் தொடங்குகிறது. கன்னத்தில் ஓர் அறை. இன்னொன்று. டிரம்ஸ் நிற்கிறது. "டேய் விட்றா, போதும்டா" என்று டிரம்ஸ்காரர் சொல்கிறார், ஆனால் அவர் இருக்கையிலிருந்து எழும் சத்தம் எங்கும் இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை. ஓர் உடல் ஆம்ப்ளிஃபயரில் மோதுகிறது.

அந்த இடத்தில் பொத்தானை விடுவித்து இரண்டு ஸ்பீக்கரிலும் கேட்டேன். ஊளையிடும் கிட்டார் சட்டென்று ஒரு படி மேலே ஏறித் திரும்பும் இடம் அது. அம்பாங் இளைஞர் நூறு தடவை கேட்ட இடம். எங்கள் வீட்டு ஹாலில் மாமா கண்களை மூடிக்கொள்ளும் இடம்.

மறுபடியும் மோனோ.

"கை வேணாம். டேய், கை வேணாம்டா."

"எந்தக் கையால வாசிப்ப அங்க? இதாலயா?"

மைக் ஸ்டாண்டின் அடியில் கனமான இரும்புத் தட்டு ஒன்று இருக்கும். அது தரையில் இழுபடும் சத்தம் தனி. பிறகு அது இறங்கியது. மூன்று விரல், மூன்று தடவை. இரண்டுக்குத்தான் மாமா கத்தினார். அதன் பிறகு மூச்சு மட்டும். பிறகு யாரோ நாடாவை நிறுத்தினார்கள்.

டிரம்ஸ் நின்ற பிறகு கிட்டாரை யாரும் வாசிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். மாமா வாசலில் மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தாள். என் கைப்பேசிக்கு ஒரே ஸ்பீக்கர். எதுவும் சொல்லாமல், கேட்காமல், அதை மோட்டார் சைக்கிள் இருக்கையில் வைத்து அந்தத் துண்டைப் போட்டேன். அடி வாங்கியவர்கள் வரிசையில் நானும் இருந்தேன் அல்லவா. ஒரு முறையாவது என் கையிலிருந்து அவருக்குப் போகட்டும் என்று நினைத்தேன்.

"கை வேணாம்டா" என்ற இடம் வரும்போது இடது கை வந்தது. காதோடு சேர்த்து விழுந்தது. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்தது வரும்போது அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துவிட்டேன். பிடித்த பிறகுதான் தெரிந்தது, அதில் பலமே இல்லை. மூன்று விரல்களும் ஈரச்சுள்ளிகள் மாதிரி. வீசும் வேகம்தான் அத்தனை ஆண்டுகளாக எங்களை அடித்திருக்கிறது.

"வுடு" என்றார்.

"விட்டா அடிப்பீங்க."

"அடிக்க மாட்டேன். வுடு லா."

விட்டேன். அவர் கைப்பேசியை எடுத்து எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் வாங்கி நிறுத்தினேன். உட்கார்ந்தோம்.

"எப்பவும் எதுக்கு மாமா இந்தக் கையால அடிக்கிறீங்க?"

"வேற எதுக்கு ஆவுது இது?"

கொஞ்ச நேரம் சங்கிலியைச் சுற்றினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கோலாலம்பூரில் ஓர் ஓட்டல் இசைக்குழுவில் வேலை கிடைத்ததாம். ஆல்பம் பதிவாகும் கடைசி நாள்வரை சொல்லாமல் இருந்தாராம். கடைசிப் பாட்டுக்கு முன்னால் சொல்லிவிட்டாராம். "பாடி முடிச்சதும் சொல்லியிருக்கலாம். என் வாய்" என்றார். ஆஸ்பத்திரியில் லோரி என்று சொன்னதும் அவர்தான். பாடகரின் அம்மா அவருக்கு அத்தனை நாளும் சோறு போட்டவர், போலீஸ் அந்த வீட்டு வாசலில் நிற்கக்கூடாது என்று நினைத்தாராம். மறுபடி வாசிக்கக் கை இல்லாததால் அந்தப் பதிவே கேசட்டில் போனதாம். கேசட் வெளிவந்த பிறகு ஒருநாள் சாலையோர ஒட்டுக்கடையில், ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோவில் கடைக்காரர் அதைப் போட, குழம்பை வாயில் வைத்தபடி தன் குரலைக் கேட்டாராம்.

"மத்தவனுக்கு எரச்சலா கேக்கும். எனக்கு மட்டும் புரிஞ்சிச்சு."

நான் அவருக்கு என் வேலை வரிசையைச் சொன்னேன். அப்படியே விட்டால் ஆலை திருப்பி அனுப்பும். மோனோவாகச் சேர்த்தால் கிட்டார் போகும், அந்த அறை கேட்கும். நாடாவில் தனியாகப் பதிவான கிட்டாரின் ஒரு பக்கத்தை மட்டும் தலைகீழாகத் திருப்பிவிட்டால் கம்பி மாறிய தப்பு சரியாகிவிடும். கிட்டார் நடுவுக்கு வரும். எந்த ஸ்பீக்கரில் போட்டாலும் கிட்டார்தான் கேட்கும், அடியில் இருக்கும் குரல் எழும்பவே எழும்பாது. ஆனால் அந்த அகலம் போய்விடும்.

"திருப்பு" என்றார் உடனே.

"நீங்க அடிபட்டது யாருக்கும் தெரியாமயே போயிடும் மாமா."

"அடி வாங்குனது தெரிஞ்சா தெரியட்டும், அதுல என்னா. கிள்ளான்ல அடி வாங்காதவன் எவன்?" துணியில் கையைத் துடைத்தார். "அத யாரும் வாசிக்கலன்னு தெரியக்கூடாது."

எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திருகி மூடினேன்.

"அந்தப் பையன் காப்பாருக்கு வந்தான்ல. கேட்டுல கால் மாட்டிக்கிட்டு நிக்கிறான், அப்பவும் சொல்றான், 'அங்கிள், உங்க மாதிரி எவனும் வாசிச்சதில்ல'ன்னு. என்கிட்ட அது ஒன்னுதான் இருக்கு. அத எடுத்துடாத."

பாடகர் தட்டுக்கு ஒப்புதல் தர ஒரு பிற்பகலில் ஸ்டூடியோவுக்கு வந்தார். இப்போது திருமண விருந்துகளுக்குச் சமையல் எடுத்துச் செய்கிறார். கனத்த உடம்பு, நெற்றி நிறைய விபூதி, மிகவும் மெல்லிய பேச்சு. அம்பாங் இளைஞரும் உடன் வந்தார். மாமாவை நான் அழைக்கவில்லை. என்றைக்கு என்று கேட்டார், சொன்னேன். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்து, பின்னால் சோபாவில் உட்கார்ந்துகொண்டார். இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள்.

திருப்பிச் சரிசெய்த வடிவத்தைப் போட்டேன். கடைசிப் பாட்டு முடிந்ததும் பாடகர் கண்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், "ஏம்மா, ரெண்டு பக்கத்தையும் ஒன்னாச் சேக்குற பட்டன் ஒன்னு இருக்கும்ல? பழைய பதிவ அதுல போடு" என்றார்.

நான் கையைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டேன். "எதுக்கு அங்கிள்?" என்று கேட்டார் இளைஞர்.

"அதுல நான் இருக்கேன் தம்பி. நான் செஞ்சது இருக்கு. வேன் ரேடியோல ஒருநாள் கேட்டேன், அன்னிலேருந்து எனக்குத் தூக்கமில்ல. கோயில் கோயிலா போயி சொல்லிட்டேன், எறங்க மாட்டேங்குது." மாமா பக்கம் திரும்பினார். "டேய், அப்படியே போட்டுருவோம்டா. ஜனங்க கேக்கட்டும். கிட்டார யாரும் வாசிக்கல, கீழ நான் உன் கைய ஒடைச்சிக்கிட்டு இருந்தேன்னு எல்லாருக்கும் தெரியட்டும். என்னைக் காறித் துப்பட்டும்."

இளைஞர் ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தார். "அங்கிள், இது... இது வெளிய வந்தா பெரிய விஷயம் ஆயிடும்" என்றார். அவர் குரலில் பயமும் இருந்தது, ஆவலும் இருந்தது.

மாமா ஹெல்மெட்டைச் சோபாவில் மெதுவாக வைத்தார். வைத்ததைப் பார்த்து நான் கொஞ்சம் நிம்மதியடைந்தேன். தப்பு. கையைக் காலி செய்துகொள்ளத்தான் வைத்திருக்கிறார்.

பலகை அறையும் அந்தச் சத்தத்தை முதன்முதலாக ஒரு நல்ல அறையில், எதிரொலி இல்லாமல் கேட்டேன். பாடகர் பக்கவாட்டில் சாய்ந்தார். இரண்டாவது அறையில் மூக்கு உடைந்தது. விபூதியின் மேல் ரத்தம் தெறித்தது. அவர் கையைத் தூக்கித் தடுக்கவே இல்லை. மூன்றாவதற்கு ஸ்பீக்கர் ஸ்டாண்டோடு சேர்ந்து கீழே விழுந்தார். மாமா அவர் மார்பில் முழங்காலை ஊன்றிக்கொண்டு அடித்தார். இளைஞர் மாமாவின் இடுப்பைப் பிடித்து இழுத்து, முழங்கை பட்டு வாயைப் பொத்திக்கொண்டு விலகினார். நான் இருக்கையிலிருந்து எழுந்தேன். எழுந்தேன் என்பதைச் சொல்லவேண்டும். நாடாவில் ஒருவர் எழவில்லை. மாமாவின் இடது மணிக்கட்டைப் பின்னாலிருந்து பிடித்து முதுகோடு வளைத்தேன். அவர் வலியில் முனகினார். நான் வளைத்த வளைப்பை விடவில்லை.

"ரெண்டாவது தடவ எடுக்கப் பாக்குறியா?" என்றார் மாமா, கீழே கிடந்தவரிடம். "அன்னிக்குக் கைய எடுத்த. இன்னிக்கு இதையும் எடுத்துக்கிட்டுப் போயி, எல்லார்கிட்டயும் நல்லவனாவப் போறியா?"

"மன்னிப்புக் கேக்குறேன்டா."

"கேளு. இங்க கேளு, இந்த ரூமுக்குள்ள கேளு. தட்டுல கேக்காத."

பாடகர் கேட்டார். தரையில் கிடந்தபடி, மூக்கிலிருந்து வழிவதை விழுங்கிக்கொண்டு, நிறைய நேரம் கேட்டார். அந்தப் பேச்சை நான் இங்கே எழுதப்போவதில்லை. முடிந்ததும் மாமா, "கையவுடு, வலிக்குது" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

துணியில் ஐஸ்கட்டியைச் சுற்றிக் கொடுத்தேன். பாடகர் அதை மூக்கில் வைத்தபடி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "உறையில கிட்டார்னு உன் பேர்தானே போடணும்?" என்று கேட்டார்.

"வேற எவன் பேரப் போடுவ?" என்றார் மாமா.

இளைஞருக்குக் கீழுதடு வீங்கியிருந்தது. மாமா கழிப்பறைக்குப் போனபோது என்னிடம் தாழ்ந்த குரலில், "அக்கா, திருப்பினா அந்த அகலம் போயிடுது. கேக்குறவங்க கண்டுபிடிச்சிருவாங்க" என்றார்.

"ஊசி குதிக்காது. அதுதான் என் வேலை."

"பழைய ஃபைல எனக்குக் குடுக்கலாமே. வெளியிட மாட்டேன். சும்மா வச்சிக்கிறேன்."

"தம்பி, உங்க உதட்டப் போய்க் கண்ணாடில பாத்துட்டு வாங்க. அப்புறமும் வேணும்னா கேளுங்க."

அவர் கேட்கவில்லை. அவர் நல்ல பையன்தான் என்று நினைக்கிறேன். மூல நாடாவைப் பாடகர் மாமாவிடமே கொடுத்துவிட்டுப் போனார். மாமா அதை ஹெல்மெட்டுக்குள் வைத்துக்கொண்டு காப்பாருக்கு வேலைக்குப் போய்விட்டார். அதை என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை.

ஆலையிலிருந்து மாதிரித் தட்டு வந்தபோது, கிள்ளானுக்கு எடுத்துக்கொண்டு போனேன். கூடவே பெட்டி மாதிரி மூடித் திறக்கும் சிறிய இசைத்தட்டு ஓட்டி ஒன்றையும் கொண்டுபோனேன். அதற்கு ஒரே ஸ்பீக்கர். அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன்.

இதை எழுதட்டுமா என்று அன்றைக்குத்தான் மாமாவிடம் கேட்டேன். யார் பெயரும் போடமாட்டேன், குழுவின் பெயரும் வராது என்றேன்.

"எழுதிக்கோ லா. அந்தப் பாட்டக் கேக்குறவனுங்க தமிழ்ப் புத்தகமா படிக்கப் போறானுங்க?"

ஒற்றை ஸ்பீக்கரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நான் கைக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டேன். பழக்கம். ஊசியைக் கடைசிப் பாட்டின்மேல் வைத்தேன். பாட்டு ஓடியது. பேஸ் நின்றது, டிரம்ஸ் நின்றது. மாமா இரண்டு கைகளையும் தரையில் ஊன்றிக்கொண்டார். கிட்டார் அந்தச் சிறு பெட்டியிலிருந்து எழும்பியது. போகவில்லை. கரகரத்து, கிழிந்து, அது மட்டுமே வீடு முழுக்க நிறைந்தது. அடியில் யாரும் இல்லை. சமையலறையிலிருந்து அம்மா, "மிக்ஸில மறுபடி ஆணியப் போட்டுட்டாங்க" என்றாள்.

அந்தத் திருப்பம் வர இன்னும் ஒரு நொடி இருந்தது. ஸ்வரம் மேலே ஏறுவதற்கு முன்பே, மாமாவின் இடது கை தானாக எழுந்து முகத்தை மறைத்தது. தோள்கள் சுருங்கின. பிறகுதான் ஸ்வரம் ஏறித் திரும்பியது. அவர் கையை இறக்கி, மடியில் வைத்து, மற்றக் கையால் அதை மூடிக்கொண்டார்.

தட்டு முடிந்து ஊசி உள்வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"நல்லா வாசிச்சிருக்கேன்ல?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"ஆமா மாமா."

"இன்னொரு தடவ போடு."

நான் எழுந்து, அவர் கைக்கு எட்டும் தூரத்தில் போய் உட்கார்ந்து, ஊசியை எடுத்து வைத்தேன்.